ரொட்டித் துண்டும் நாயின் சதையியும்

இலங்கை மலைநாட்டில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் நாய்க்கு விழுவது பெரும்பாலும் ரொட்டிதான். காலையில் மலைக்கு ஏறுமுன் அவசர அவசரமாகத் தட்டிச் சுட்ட கோதுமை மா ரொட்டியின் ஓரம், ராத்திரி மிஞ்சிய சோறும் பருப்புத் தண்ணியும், எப்போதாவது ஒரு கருவாட்டுத் தலை. இவ்வளவையும் தின்றுவிட்டுத்தான் அது மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் குரைத்து விரட்டுகிறது. சிறுத்தை வந்து போகிற மலையில் ராத்திரி முழுவதும் வாசலில் கிடக்கிறது. இப்போது டவுன் கடைகளில் நாய் பிஸ்கட் பைகளும் தொங்குகின்றன. விலையைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே சுட்டுக் கொடுத்தால் என்ன, எந்த மாவில் சுடலாம் என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். நல்ல கேள்வி. சரியான விடை சொல்ல வேண்டுமானால் முதலில் நாயின் சதையிக்குள் (கணையத்துக்குள்) என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாய் ஓநாயின் வழிவந்தது, ஓநாய் இறைச்சி தின்னி, ஆகவே நாய்க்கு மாப்பண்டமே ஆகாது என்று சொல்கிறவர்கள் உண்டு. 2013-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சை அசைத்துவிட்டது. அவர்கள் 12 ஓநாய்களின் மரபணுத் தொகுதியையும் 14 இனங்களைச் சேர்ந்த 60 நாய்களின் மரபணுத் தொகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் அமைலேசு என்ற நொதியத்தைச் சதையியில் உண்டாக்கும் மரபணுவுக்கு ஓநாயிடம் 2 பிரதிகளே இருந்தன. நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை இருந்தன. சதையியில் அந்த நொதியத்தின் வேலை ஓநாயைவிட நாயில் பல மடங்கு மும்முரமாக நடந்தது. உடைத்த சீனியைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும் வழியிலும் நாய் ஓநாயிலிருந்து மாறியிருந்தது.

மனிதன் பயிர் செய்து தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய பிறகு, அவன் அடுப்படியில் விழுந்த கஞ்சியையும் எச்சிலையும் செரிக்க முடிந்த நாய்கள் நன்றாகப் பிழைத்தன. அவற்றின் குட்டிகள் பெருகின. ஐரோப்பாவில் தோண்டியெடுத்த பழைய நாய் எலும்புகளைச் சோதித்ததில், ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே சில விவசாயக் குடியிருப்பு நாய்களிடம் இந்தப் பிரதிகள் கூடியிருந்தது தெரிந்தது. விவசாயமே நடக்காத நிலங்களில் வாழ்ந்த நாய்கள் அப்படி மாறவில்லை. அவுஸ்திரேலியாவின் டிங்கோவிடம் இன்றைக்கும் 2 பிரதிகள்தான். பனிநாட்டு ஹஸ்கி நாய்களிடமும் எண்ணிக்கை குறைவு. மனிதன் எதை விதைத்தான் என்பது அவன் நாயின் உடம்பில் எழுதியிருக்கிறது. எனக்கு இதைவிட வியப்பான செய்தி நாயைப் பற்றி வேறு இல்லை. லயத்து நாய் ரொட்டியை ஆவலாய்த் தின்பது பசியால் மட்டுமல்ல, அதைச் செரிக்கும் வல்லமை அதற்குப் பிறவியிலேயே வந்திருக்கிறது.

ஆனால் அந்த வல்லமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நம் வாயில் எச்சிலிலேயே அமைலேசு சுரக்கிறது. சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிப்பது அதனால்தான். நாயின் எச்சிலில் அது கிட்டத்தட்ட இல்லை. மென்று தின்னும் பழக்கமும் நாய்க்கு இல்லை, விழுங்கிவிடும். ஆக, மாச்சத்தைச் செரிக்கும் பாரம் முழுவதும் சதையியின் தலையில். பச்சை மாவிலுள்ள மாச்சத்து இறுகிய மணிகளாகக் கிடக்கும். நொதியம் அதற்குள் சுலபமாய் நுழைய முடியாது. தண்ணீரும் சூடும் சேர்ந்து, கோதுமைக்கு ஏறக்குறைய 60 பாகை, அரிசிக்கு 70 பாகை செல்சியஸ் தாண்டும்போதுதான் மணிகள் ஊதி வெடித்துக் களியாகின்றன. நன்றாக வெந்த மாச்சத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் நாயால் செரிக்க முடியும். வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும் தடித்த ரொட்டி அதற்கு உதவாது. ஈஸ்ட் போட்டுப் பிசைந்த பச்சை மாவு அதைவிட மோசம். வயிற்றின் சூட்டில் அது பொங்கி வாயுவையும் மதுசாரத்தையும் உண்டாக்கும், உயிருக்கே ஆபத்து.

சரி, ரொட்டி செரிக்கும். அது போதுமா? போதாது. இங்கேதான் மூலப்பொருளைத் தெரிந்தெடுக்கும் வேலை தொடங்குகிறது.

நம் தோட்டங்களுக்குக் கோதுமை மா வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் கூப்பன் மாவாக வந்தது. பிறகு அமெரிக்க உதவி மாவாகக் கப்பலேறி வந்தது. 1980-ல் திருகோணமலையில் பிரிமா மாவாலை ஓடத் தொடங்கிய பின் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அது வயிற்றை நிரப்புகிறது. வளரும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது என்று தாய்மாருக்குச் சொல்லித் திரிபோஷப் பை கொடுக்கிறார்கள். திரிபோஷவின் அடிப்படை சோளமும் சோயாவும். தானியத்தில் குறைகிற லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பு வகையில் தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் தானியத்தில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது அடைக்கும். அந்தப் பை தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது, நாய்க்குப் போடுவதற்கல்ல. அதிலுள்ள பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வளர்ந்த நாயின் உணவில் ஈரம் நீக்கிய எடைக்கு 18 விழுக்காடாவது புரதம் இருக்க வேண்டும், குட்டிக்கு 22.5 விழுக்காடு என்பது அமெரிக்கக் கால்நடைத் தீவன அதிகாரிகள் சங்கம் வகுத்திருக்கும் கணக்கு. வெள்ளைக் கோதுமை மாவில் ஏறக்குறைய 10 விழுக்காடுதான். அதிலும் லைசின் பற்றாது. கல்சியமோ 100 கிராம் மாவில் 20 மில்லிகிராம் அளவு. ரொட்டியிலும் சோற்றிலும் மட்டுமே வளர்ந்த குட்டியின் கால் எலும்பு வளைவது இதனால்தான். உணவில் கல்சியம் குறைந்தால் இரத்தம் அதற்காகக் காத்திருக்காது. கழுத்திலுள்ள ஒரு சிறு சுரப்பி, எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கல்சியம் தரும்படி கட்டளையிடும். வெறும் இறைச்சியைப் போட்டு வளர்த்தாலும் இதே கதிதான், ஏனென்றால் இறைச்சியில் பொஸ்பரஸ் கல்சியத்தைவிடப் பல மடங்கு கூட. செல்லமாக ஈரலும் இறைச்சியும் மட்டும் ஊட்டிய பணக்கார வீட்டுக் குட்டியும், ரொட்டி மட்டும் தின்ற லயத்துக் குட்டியும் ஒரே நோயில் படுப்பதுண்டு.

குரக்கனை எடுத்துப் பாருங்கள். 100 கிராம் குரக்கன் மாவில் 340 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ கல்சியம் இருக்கிறது. தானியங்களில் வேறெதிலும் இந்த அளவு கிடையாது. அதிலுள்ள பைற்றேற்று என்ற சேர்மம் கல்சியத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாலும் மிச்சமே கோதுமையைவிட மேல். நாய்க்குச் சுடும் பிஸ்கட்டுக்குக் குரக்கனும் கோதுமையும் பாதிக்குப் பாதி என்பேன். குரக்கன் தனியாக நின்றால் உதிர்ந்துவிடும், கோதுமையின் பசை அதைப் பிடித்து நிறுத்தும். பிசைவதற்கு வெறும் தண்ணீர் ஊற்றாமல், மசித்த பூசணிக்காயோ வத்தாளங்கிழங்கோ போட்டால் அதன் ஈரமே போதும். பூனையின் நாக்கு இனிப்பை உணராது. அதற்கான மரபணு எப்போதோ பழுதாகிவிட்டது. நாய்க்கு இனிப்பு தெரியும், பிடிக்கும். பூசணியின் மெல்லிய இனிப்பு இருக்கும்போது சீனி எதற்கு?

பூசணியின் மஞ்சளிலும் கரட்டின் சிவப்பிலும் இருக்கும் நிறப்பொருளை நாயின் உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையால் அது முடியாது. விற்றமின் சி-யை நாய் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. தோடம்பழமும் நெல்லிக்காயும் தேடவேண்டியது நாம்தான். ஆனால் விற்றமின் டி விஷயத்தில் நாய் நம்மைவிட ஏழை. நம் தோலில் வெயில் பட்டால் விற்றமின் டி உண்டாகிறது. நாயின் தோலில் அதற்கான மூலப்பொருள் மிகக் குறைவு. நாள் முழுவதும் வெயிலில் புரண்டாலும் தேவையான அளவு கிடைக்காது. பனிமூட்டத்து ராகலையாய் இருந்தாலும் பொசுக்கும் வவுனியாவாய் இருந்தாலும் நாய்க்கு அது உணவில்தான் வந்தாக வேண்டும். முட்டையின் மஞ்சட்கருவிலும் மீனிலும் அது இருக்கிறது. ஆகவே மாவில் ஒரு முட்டை. பச்சையாக ஊட்ட வேண்டாம். பச்சை வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற விற்றமினைக் கட்டிப்போட்டுவிடும். வெந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும்.

முட்டை ஓட்டையும் எறியாதீர்கள். அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. ஒரு ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. கொதிக்க வைத்துக் காயவிட்டு, அம்மியில் மாவாக நுணுக்கிக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். அளவு மீறினால் அதுவும் கெடுதல். பெரிய இனக் குட்டிகளுக்குக் கல்சியம் மிஞ்சினால் எலும்பு வளர்ச்சி கோணும்.

நெத்தலி நல்ல சரக்கு. தலை, முள் என்று முழுசாகத் தின்பதால் புரதமும் கல்சியமும் ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் கடையில் வாங்கும் நெத்தலியில் உப்பு ஏறியிருக்கும். சுடுதண்ணியில் ஊறவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டி, இன்னொரு தரம் கழுவி, பிழிந்து, வெறும் சட்டியில் வறுத்து நுணுக்கிப் போடலாம். நுணுக்கிய நெத்தலி ஒரு மேசைக்கரண்டி மாவில் விழுந்ததும் எங்கிருந்தோ நாய் வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடும். அடுப்பு மூட்டுமுன்பே வந்துவிடும்.

பருப்புக்கு மலையில் ஒரு தனிச் சங்கதி இருக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவதால் தண்ணீர் 100 பாகைக்குக் காத்திராமல் 94 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே என்று இறக்கினால் கௌபியும் சிவப்பு போஞ்சி விதையும் நடுவில் கல்லாக நிற்கும். வேகாத பயறு வகைகளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும், குடலைப் புண்ணாக்கும் லெக்டின்களும் உண்டு. நன்றாக வெந்தால்தான் அவை அழியும். கொழும்பில் வேகும் நேரத்தை நம்பாமல், விரலால் நசுக்கினால் களியாகும் வரை வேகவிட வேண்டும். மைசூர்ப் பருப்பு இந்தத் தொல்லையில்லாமல் சீக்கிரம் குழைந்துவிடும், அதனால் எனக்கு அதுதான் பிடித்தம்.

பருப்பு நல்லது என்றதும் தானியத்தையே விட்டுவிட்டுக் கடலை மாவில் மட்டும் சுடலாமா என்று தோன்றும். வெளிநாடுகளில் சில ஆண்டுகளாக இது பெரிய மோகம்; தானியமில்லா நாய் உணவு என்று பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை அடிப்படையாக வைத்துத் தயாரித்து விற்கிறார்கள். 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அத்தகைய உணவு தின்ற நாய்களின் இதயத் தசை மெலிந்து இதயம் ஊதிப்போவதாக வந்த அறிக்கைகளை விசாரிக்கத் தொடங்கியது. 2019 ஏப்ரல் வரை 500-க்கும் மேற்பட்ட அறிக்கைகள் சேர்ந்தன. உணவுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. 2022 இறுதியில், புதிய ஆதாரம் கிடைத்தாலன்றி இதுபற்றி அறிக்கை விடுவதில்லை என்று நிர்வாகம் நிறுத்திக்கொண்டது. அந்தச் சந்தேகம் தீராத நிலையில், 7,000 ஆண்டுப் பழக்கமுள்ள தானியத்தைத் தூக்கியெறிந்துவிட்டுப் பருப்பை மட்டும் கட்டிக்கொள்ள ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. பருப்பு கால்பங்குக்கு மேல் வேண்டாம்.

இனி, சேர்க்கக் கூடாதவை. மலைநாட்டுச் சமையலறையில் இது முக்கியம், ஏனென்றால் நாம் ருசிக்காகப் போடும் பல பொருள்கள் நாய்க்கு நஞ்சு.

ராகலையைச் சுற்றிய மரக்கறித் தோட்டங்களில் கரட் பாத்திக்கு அடுத்த பாத்தி லீக்ஸ். அறுவடை நாளில் ஓடைக்கரையில் கரட் கழுவுகிறவர்களைப் பாருங்கள்: செம்மண் கரைந்து ஓட, நேராய் நீண்டது ஒரு குவியல், கிளைத்துக் கோணியது ஒரு குவியல், உடைந்தது புல்லில். அந்த உடைசலைக் கவ்விக்கொண்டுபோய் நாய் இரண்டு முன்காலுக்கும் இடையில் நிறுத்திக் கடிக்கிறது. கொடுக்கலாம், பல்லுக்கும் நல்லது, கொழுப்பும் இல்லை. அதே ஓடைக்கரையில் கழித்துப்போட்ட லீக்ஸ் தாள் வேறு. லீக்ஸ், வெங்காயம், வெள்ளைப்பூடு மூன்றும் ஒரே குடும்பம். அவற்றின் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுவைத் தாக்கி, அதற்குள்ளிருக்கும் ஈமோகுளோபினைக் கட்டியாக்கும். அப்படிக் கெட்ட அணுக்களை உடம்பே அழித்துவிடும். 12 கிலோ நாயை நோயில் தள்ள 60 கிராம் வெங்காயம் ஒரே தரத்தில் போதும். வதக்கினாலும் அவித்தாலும் பொடியாக்கினாலும் நஞ்சு போகாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்து, நாய் மூச்சுவாங்கும்போது வெங்காய ரொட்டி யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது?

"மிச்சம்மீதி தின்னே வளர்ந்த நாய்க்கு என்னா தம்பி ஆகிரும்?" என்று பக்கத்து லயத்து அக்கா என்னிடம் கேட்டார். "ஒரு வாய் சம்பலுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. தினம் தினம் போட்டா ரத்தம் குறைஞ்சிகிட்டே வரும், நமக்குத் தெரியாது" என்றேன். அவர் அதன்பிறகு சம்பல் தொடாத ரொட்டியைத் தனியாக எடுத்து வைக்கிறார். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

தேயிலையும் இந்தப் பட்டியலில்தான் வரும். தேயிலையின் கஃபீனை நாயின் உடம்பு நம் உடம்பைப்போல் தாங்காது. உடல் எடை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவிலேயே படபடப்பும் வாந்தியும் தொடங்கும். 60 தாண்டினால் வலிப்பு. காய்ந்த தேயிலையில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு கஃபீன். 12 கிலோ நாய்க்கு 10 கிராம் தேயிலைத்தூள் ஆபத்தின் வாசல். மீந்த சாயத்தண்ணியையும் சீனி சேர்ந்த தேயிலைச் சக்கையையும் நாய்த்தட்டில் கொட்டுவதை இந்த மலையில் வாழும் நாம்தான் முதலில் நிறுத்த வேண்டும். சொக்லட்டில் இருப்பதும் இதன் உறவுக்காரச் சேர்மம்.

முந்திரிகைப் பழமும் (திராட்சை) அதை உலர்த்திய பிளம்ஸும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது பல காலமாகத் தெரியும். காரணம் மட்டும் பிடிபடாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் அதற்குத் தாட்டாரிக் அமிலத்தைச் சுட்டினார்கள். அதைத் தொடர்ந்து, புளி தின்ற நாய்களிலும் அதே சிறுநீரகப் பாதிப்பு பதிவானது. புளியில் அந்த அமிலம் ஏராளம். மீன் குழம்பு ஊற்றிய சோற்றை நாய்க்கு வைக்கும் தமிழ் வீடுகள் எத்தனை! மீனைக் குழம்பில் போடுமுன் ஒரு துண்டைத் தனியாக அவித்து வைத்துவிட்டால் தொல்லை இல்லை. உருளைக்கிழங்கு நல்ல அடிப்படைதான், ஆனால் வெயில் பட்டுப் பச்சை பூத்த கிழங்கும் முளையும் கூடாது. விலை போகாதென்று ஒதுக்கும் அந்தப் பச்சைக் கிழங்கில்தான் சொலனின் என்ற நஞ்சு சேர்ந்திருக்கும்.

எவ்வளவு கொடுப்பது? உடல் எடைக்குத் தக்க நாயின் சக்தித் தேவையைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி 12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 720 கலோரி. தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொது விதி. ஆக 72 கலோரி. 20 கிராம் கோதுமை மாவில் அது முடிந்துவிடும்; தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி என்றால் அதற்கும் முன்பே. அதே 72 கலோரிக்குக் கரட் 170 கிராம் கொடுக்கலாம். தின்பண்டத்துக்குக் கரட்டும் பூசணியும் ஏன் மாவைவிட நல்லவை என்பது இந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும். மிச்சம் ஒன்பது பங்கும் சரியான சாப்பாடாக இருந்தால்தான் இந்தப் பிஸ்கட்டுக்கு அர்த்தம்.

நாய் பிஸ்கட் என்ற சரக்கை முதலில் பெரிய அளவில் விற்றவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர். 1860-களில் லண்டனில், கோதுமை மாவு, பீற்றூட், காய்ந்த இறைச்சி சேர்த்துச் சுட்டார். மாவு, மரக்கறி, விலங்குப் புரதம் என்ற அவர் கூட்டு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. பிஸ்கட் கல்லாகக் காய்ந்திருக்க வேண்டியதற்கும் காரணம் உண்டு: ஈரம் இருந்தால் பூஞ்சை வரும்.

நம் மலையில் இதுதான் கடைசிச் சிக்கல், பெரிய சிக்கலும்கூட. குரக்கனும் கோதுமையும் பூசணியும் முட்டையும் நெத்தலியும் சேர்த்துப் பிசைந்து, உப்பில்லாமல், விரல் தடிப்புக்கும் குறைவாகத் தட்டி, ரொட்டிக்கல்லில் சிறு தீயில் இரண்டு பக்கமும் வேகவிட்டுத் துண்டு போட்ட பிறகு, அடுப்புக்கு மேலே கட்டியிருக்கும் தட்டில் ஒரு ராத்திரி காயவிட வேண்டும். உடைத்தால் "டக்" என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மூட்டமும் தூறலும் விடாத மாதங்களில் மூடி இறுகிய டின்னில் வைத்தாலும் மூன்று நான்கு நாளைக்கு மேல் நம்ப வேண்டாம். சோளத்திலும் கச்சானிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடொக்சின் நாயின் ஈரலைச் சிதைக்கும். நாய்கள் இதற்கு மிகவும் பலவீனமானவை. 2020 இறுதியில் அமெரிக்காவில் ஒரு தொகுதி நாய் உணவில் இது கலந்ததில் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக முறையிடப்பட்டது. அந்த நச்சு சூட்டில் எளிதில் அழியாது, திரும்பச் சுட்டாலும் பயனில்லை. பூஞ்சை பிடித்த மாவையோ பிஸ்கட்டையோ கோழிக்கும் பட்டி மாட்டுக்கும் கொட்டிவிடவும் கூடாது. மாடு தின்றால், அந்த நச்சின் ஒரு பகுதி உருமாறி, கறக்கும் பாலில் வந்துவிடும்.